செட் மாத்திரை

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டுல திருமலையோட மெடிக்கல்னா தெரியாத ஆள் கிடையாது. சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு வர்றவங்கள்லேருந்து கம்பெனி பஸ்சுக்கு ஓடுற பொண்ணுங்க வரைக்கும், காய்ச்சலோ கால் வலியோ, நேரா வந்து கண்ணாடி மேல கையை வெச்சு, "ரெண்டு செட்டு குடுங்க"ன்னு கேட்பாங்க. செட்டுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குத்தான் சொல்லணும். சின்னக் காகிதத்துல காய்ச்சலுக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, அதுங்களோட ஓரமா பொடிசா ஒரு வெள்ளை மாத்திரை. அந்தப் பொடிசுதான் ராஜா. அதை முழுங்கினா படுத்துக் கிடக்கிறவன் எழுந்து உட்காருவான், பசிக்குதும்பான், மறுநாள் ஷிப்டுக்குப் போயிடுவான். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு இருக்கிற ஜனங்களுக்கு அதை விட வேற என்ன வேணும்? திருமலையை எல்லாரும் "டாக்டர்"னுதான் கூப்பிட்டாங்க. அவரும் ஒரு நாளாவது "நான் டாக்டர் இல்லீங்க"ன்னு சொன்னவர் இல்லை.

அந்தப் பொடிசு ஸ்டீராய்டுன்னு அவருக்குத் தெரியும். அவர் பொண்டாட்டி அருணாவுக்கும் தெரியும். கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து கல்லாவுல உட்கார்ந்து மாத்திரை மடிச்சுக் குடுத்தவள், தெரியாம போகுமா? ஆனா அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மாத்திரையைப் பேர் சொல்லியா விப்பாங்க? "சின்னது"ன்னுதான் பேச்சு. "ஒரு சின்னது சேர்த்துக் குடு அருணா"ன்னு உள்ளேருந்து குரல் வரும், இவளும் சேர்த்துக் குடுப்பாள். யாருக்கும் எதுவும் ஆனதில்லை. ஆச்சுன்னாலும் இவங்க காதுக்கு வந்ததில்லை.

இவங்களுக்கு ஒரே பொண்ணு, பிரியதர்ஷினி. வயசு இருபத்தொண்ணு. பி.காம் முடிச்சுட்டு ஓசூர் பக்கம் செல்போன் பாகம் செய்யுற கம்பெனியில வேலை. அருணாவோட அண்ணன் அன்புமணி பாரூர்ல கரும்பும் நெல்லும் போடுற பெரிய குடித்தனக்காரர். அவர் மகனுக்குத்தான் பிரியான்னு ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சிருந்தாங்க. தை மாசம் நிச்சயம் வெச்சுக்கலாம்னு அன்புமணியே சொல்லிட்டுப் போயிருந்தார். தாய்மாமன் வீட்டுக்கே பொண்ணு போறாள், இனிமே என்ன கவலைன்னு அருணாவுக்கு மனசு பூரா பால் பொங்கின மாதிரி இருந்த நேரம் அது.

அப்பதான் பொண்ணுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. காலெல்லாம் எலும்புக்குள்ள குடையுதும்மான்னு சொன்னாள். "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறா, வலிக்காம என்ன பண்ணும்?"னு திருமலை ஒரு செட்டு போடச் சொன்னார். போட்டதும் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனாள். நாலு நாள் நல்லா இருந்தாள், மறுபடி படுத்தாள். மறுபடி செட்டு. "பாரு, முகம் எப்படி பூரிச்சுப் போச்சு! எவன்கிட்ட காட்டினாலும் இதே மாத்திரைதான் எழுதுவான்"னு பெருமை வேற. அருணாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருந்தது. "ஏங்க, ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமே"ன்னாள். "நான் எதுக்கு இருக்கேன்?"னு ஒரே போடா போட்டார் மனுஷன். அதோட இவள் வாயும் அடங்கிப் போச்சு.

ஒரு நாள் கம்பெனியில லைன்லயே மயங்கி விழுந்துட்டாள். கம்பெனிக்காரங்க ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ரத்தம் எடுத்தாங்க. அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "இங்க வெச்சுப் பார்க்க முடியாதுங்க, பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னார். என்னன்னு கேட்டதுக்கு, ரத்த அணுவுல கோளாறு இருக்குதுன்னு மட்டும் சொன்னார். அவர் சொல்லாம விட்டதைத் திருமலையோட முகம் சொல்லிடுச்சு.

மறுநாள் காலையில அன்புமணி கார் எடுத்துட்டு வந்தார். பொண்ணால உட்காரக்கூட முடியலை. "அவ்வளவு தூரம் வண்டியில எப்படி வருவா, ஒரு சின்னது குடு"ன்னார் திருமலை. மடிச்சுக் குடுத்தது அருணாவேதான்.

அத்திப்பள்ளி தாண்டி, நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. அங்க இருந்த நர்ஸ் கன்னடத்துல கேள்வி மேல கேள்வி கேட்டாள். எல்லைப் பக்கத்து ஜனங்களுக்குக் கன்னடம் என்ன புதுசா, எல்லாம் புரிஞ்சுது. பிரியா வாயைத் திறக்கிறதுக்குள்ள திருமலை முந்திக்கிட்டுப் பதில் சொன்னார். எத்தனை நாளா காய்ச்சல், எவ்வளவு டிகிரி, எந்த ஆன்டிபயாடிக் குடுத்தது, எல்லாத்தையும் மடமடன்னு ஒப்பிச்சார். "சார் மெடிக்கல் லைனா?"ன்னு கேட்டாள் நர்ஸ். "சொந்தக் கடை"ன்னார். அதுக்கப்புறம் அவள் பொண்ணைக் கேட்கவே இல்லை, எதுவா இருந்தாலும் அவரையே கேட்டாள். மரியாதைன்னா மரியாதை, அப்படி ஒரு மரியாதை.

எலும்பு மஜ்ஜை எடுத்து, என்ன நோய்னு தெரிஞ்சதும் பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கதவுகிட்ட போனதும் அன்புமணி பிரியாவோட தோள்ல கையை வெச்சார். "பாப்பா, நீ இப்படி உட்காரு கண்ணு. பெரியவங்க நாங்க பேசிட்டு வர்றோம்." அருணாவும், "ஆமாண்டி, உள்ள ஏசி வேற ஜில்லுன்னு இருக்கும்"னு சொல்லி, வெளியே இருந்த நாற்காலியில அவளை உட்கார வெச்சுட்டுப் போனாள். வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆகப் போற பொண்ணு, அவள் காதுல இதெல்லாம் விழலாமா? எந்த வீட்டுலயும் அப்படித்தானே செய்வாங்க.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நல்லாப் பேசினார். முதல் வார்த்தையே, "பேஷன்ட் எங்க?"ன்னுதான் கேட்டார்.

"வேண்டாம் சார், பயந்துடுவா. எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பார்த்துக்கிறோம்"னார் அன்புமணி. டாக்டருக்கு அது பிடிக்கலைன்னு முகத்துல தெரிஞ்சுது. இருந்தாலும் மேல பேசினார். பிளட் கேன்சர்னு சொன்னார். அருணா சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டாள்.

"அழாதீங்கம்மா, கேளுங்க. பிளட் கேன்சர்னு சொல்றோமே, அது ஒரே நோய் இல்லை. மைக்ராஸ்கோப்புல பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். உங்க ஓசூர்ல கம்பெனிங்க வரிசையா இருக்குதில்ல? ரோட்டுலேருந்து பார்த்தா எல்லாமே ஒரே ஷெட்டு. உள்ள போய் எந்த மெஷின் ஓடுது, எது சும்மா நிக்குதுன்னு பார்த்தாத்தானே என்ன செய்யுறாங்கன்னு தெரியும்? அது மாதிரி அந்தக் கெட்ட செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யுது, எது அடங்கி இருக்குதுன்னு ஒரு டெஸ்ட் இருக்குது. அதைப் பார்த்தா இது எந்த வகைன்னு பிடிச்சுடலாம். ஒரு வகைக்குச் சாதாரண கீமோ போதும். இன்னொரு வகை பொல்லாதது. அதுக்கு ஆரம்பத்துலயே கனமான மருந்தும், கூடவே தனியா ஒரு மாத்திரையும் குடுக்கணும். குடுத்தா நல்லா கேட்கும். தெரியாம விட்டா திரும்பி வந்துடும்."

"டெஸ்ட் எடுத்துடுங்க சார், என்ன செலவானாலும் பரவாயில்லை"ன்னார் அன்புமணி.

"எடுப்போம். ஆனா மருந்து படாத செல்லா இருக்கணும். முக்கியமா ஸ்டீராய்டு. அது உடம்புல பட்டிருந்தா கெட்ட செல்லு பாதிக்கு மேல செத்துப் போயிருக்கும், மிச்சம் இருக்கிறது வேற மாதிரி நடந்துக்கும். ரிசல்ட் நம்மளை ஏமாத்திடும். அதனால கேட்கிறேன்." டாக்டர் திருமலையைப் பார்த்தார். "இந்த ஒரு மாசத்துல ஸ்டீராய்டு ஏதாவது குடுத்தீங்களா? மாத்திரை, ஊசி, எதுவா இருந்தாலும்."

"இல்லீங்க சார்"னார் திருமலை. நூல் அளவு தடுமாற்றம் இல்லை அந்தக் குரல்ல.

"நிச்சயமா?"

"நானே மெடிக்கல் வெச்சிருக்கேன் சார். அது எப்படிப்பட்ட மருந்துன்னு எனக்குத் தெரியாதா? பெத்த பொண்ணுக்குக் குடுப்பேனா?"

அருணாவுக்குப் பக்கத்துல அண்ணன். நாளைக்குச் சம்பந்தியா வரப் போறவர். "எங்க மாப்பிள்ளைக்குத் தெரியாத மருந்தா"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறவர். அவர் முன்னாடி, ‘பொய் சொல்றாரு சார், கூட்டிட்டு வந்த அன்னைக்குக்கூடக் குடுத்தோம், நான்தான் மடிச்சுக் குடுத்தேன்’னு எந்த வாயால சொல்லுவாள்? தரையைப் பார்த்தாள். தரை டைல்ஸ் பளபளன்னு இருந்தது, அவள் முகமே அதுல தெரிஞ்சுது.

டாக்டர் நம்பிட்டார். மருந்துக் கடைக்காரர் சொன்னா நம்பாம என்ன செய்வார்?

அன்புமணி கார் எடுக்கப் போன நேரம் பார்த்து அருணா புருஷனைப் பிடிச்சுக்கிட்டாள். "ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க? உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கத்தாதே. சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எழுதி வெச்சுக்குவான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கடைக்குப் பூட்டுப் போடுவான். லைசென்ஸ் வேற ஆள் பேர்ல இருக்கிறதை நோண்டி எடுப்பான். அப்புறம் வைத்தியத்துக்கு எங்கேருந்து எடுப்பே?"

"பொண்ணு உசிரு போனா கடையை வெச்சு என்ன பண்றது?"

"வாயைக் கழுவு! அது ஒரு சின்ன மாத்திரை. ரெண்டு நாள்ல ஒண்ணுக்கு வழியா போயிடும். எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன், எவன் செத்தான்? உங்க அண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருக்கான், அவன் முன்னாடி என்னைத் தலை குனிய வைக்கணுமா? நாளைக்கே, அப்பனே பொண்ணைக் கெடுத்துட்டான்னு சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துவான், பரவாயில்லையா?"

அந்த ஆள் சொன்னதுல கடைசி வார்த்தைதான் அருணாவை அடக்கினது, அதையும் சொல்லித்தான் ஆகணும். நர்ஸோட நம்பர் இவள் போன்ல இருந்தது. ரெண்டு தடவை போட்டாள். ஒரு தடவை மணி அடிக்கிறதுக்குள்ள கட் பண்ணினாள். இன்னொரு தடவை நர்ஸ் எடுத்து, "ஹேளி அம்மா"ன்னு கன்னடத்துலயே சொல்லச் சொன்னாள். "ஒண்ணுமில்லைங்க, சாப்பாட்டுக்கு என்ன குடுக்கலாம்னு கேட்கத்தான்"னு மென்னு முழுங்கி வெச்சாள். கோழை, வேற என்ன சொல்றது?

ரிசல்ட் வந்தது. டாக்டர் மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் பிரியா வெளியே, இவங்க மூணு பேரும் உள்ளே.

"தெளிவா வரலை. எந்த வகையிலயும் அடங்க மாட்டேங்குது"ன்னு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சாம்பிள்ல கெட்ட செல்லே கம்மி. ரத்தத்துலயும் எண்ணிக்கை குறைவா இருக்குது. உண்மையிலேயே குறைவா இருந்தா நல்ல விஷயம், சாதாரண கீமோவே போதும். ஆனா ஸ்டீராய்டு எடுத்திருந்தாலும் இதே மாதிரிதான் வரும். அப்படின்னா நான் இந்தப் பேப்பரை நம்ப மாட்டேன், வேற வழியில போவேன். அதனால மறுபடி கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"நம்ம மாப்பிள்ளை அந்த மாதிரி ஆள் இல்லீங்க சார்"னு இந்தத் தடவை அன்புமணியே முந்திக்கிட்டார். திருமலை தலையை மட்டும் ஆட்டினார். அருணா அன்னைக்கும் டைல்ஸைத்தான் பார்த்தாள்.

சாதாரண கீமோவே ஆரம்பிச்சாங்க.

பிரியாகிட்ட, ரத்தத்துல கிருமி புகுந்துடுச்சுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. கிருமிக்கா முடி கொட்டும்? வார்டு வாசல்லயே பெருசா எழுதிப் போட்டிருக்கிறது பி.காம் படிச்ச பொண்ணு கண்ணுல படாமலா இருக்கும்? அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு இவங்களுக்கும் தெரியும். இருந்தாலும், "கிருமி போயிடுச்சாம் பாப்பா"ன்னு இவங்க சொல்றதும், "சரிம்மா"ன்னு அவள் சொல்றதும் நாடகம் மாதிரி நடந்துக்கிட்டே இருந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கலை. பசிக்குதா, வலிக்குதா, இது ரெண்டுதான் கேட்டாங்க.

முதல் மாசத்து மஜ்ஜை டெஸ்ட்டுல கெட்ட செல்லே தெரியலைன்னு வந்தது. டாக்டரே கை குடுத்தார். திருமலைக்குத் தலைகால் புரியலை. ஊருக்கு வந்ததும் கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும், "நல்ல நேரத்துல பிடிச்சோம், என் கைராசி"ன்னு சொல்லிக்கிட்டார். அருணாவைத் தனியா கூப்பிட்டு, "பார்த்தியா? அன்னைக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தா என் மானம்தான் போயிருக்கும்"னார். அவளும் உள்ளுக்குள்ள ஒரு மூச்சு விட்டாள். சாமி கண்ணைத் திறந்துடுச்சுன்னு நினைச்சாள். மாரியம்மன் கோயில்ல மாவிளக்குப் போட்டுட்டு வந்தாள். பொய்யை மூடிக் குடுத்ததுக்கு நன்றி சொல்ல ஒருத்தி கோயிலுக்குப் போறாள்னா அவளை என்னன்னு சொல்றது?

தை மாசம் வந்தது, போச்சு. "பொண்ணு முதல்ல நல்லாகட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னார் அன்புமணி. சரின்னாங்க. மாசி, பங்குனி. ஒரு நாள் சந்தைக்கு வந்த ஒருத்தர் மாத்திரை வாங்கிக்கிட்டே, "உங்க அண்ணன் மகனுக்குக் காவேரிப்பட்டணத்துல பொண்ணு எடுக்கிறாங்களாமே, நல்ல இடமாம்"னு சொல்லிட்டுப் போனார். அருணா அண்ணனுக்கு போன் போட்டாள். "என்ன அருணா பண்றது, பையன் வாழ்க்கை இல்லையா? உனக்கே தெரியும்"னார். அவ்வளவுதான். எந்த முகத்துக்காக வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாளோ, அந்த முகம் அதுக்கப்புறம் அவங்க வீட்டுப் பக்கமே திரும்பலை. "நல்லா இருக்கட்டும் விடும்மா"ன்னு பிரியா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாள். அருணாதான் சமையக்கட்டுல பாத்திரத்தைப் போட்டு உடைச்சாள்.

ஆடி பிறக்கிறப்ப மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை திருமலை செட்டைத் தொடலை. நேரா பெங்களூருக்கே கூட்டிட்டுப் போனாங்க. வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறிக் கிடந்தது. நோய் திரும்பிடுச்சு. புதுசா மருந்து எதுவும் குடுக்குறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்து அதே ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினாங்க.

இந்தத் தடவை ரிசல்ட் கண்ணாடி மாதிரி தெளிவா வந்தது. பிரியாவை வழக்கம் போல வெளியே உட்கார வெச்சுட்டு, புருஷனும் பொண்டாட்டியும் உள்ளே போனாங்க. மூணாவது நாற்காலி காலியாக் கிடந்தது.

"அந்தப் பொல்லாத வகைதான்"னார் டாக்டர். குரல் இறங்கிப் போயிருந்தது. "ஆரம்பத்துலேருந்தே தனி மாத்திரை சேர்த்துக் குடுக்கணும்னு சொன்னேனே, அது. எனக்கு ஒண்ணுதான் புரியலை. முதல் தடவை இது ஏன் தெரியலை? ராத்திரியெல்லாம் பழைய ரிப்போர்ட்டை வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். லேப்ல தப்பான்னு சண்டை கூடப் போட்டேன். சார், இப்பவாவது சொல்லுங்க, அப்ப ஏதாவது..."

"இல்லீங்க சார்"னார் திருமலை.

அருணாவுக்குள்ள என்னவோ பொட்டுன்னு அறுந்தது.

"குடுத்தோம்"னாள். சத்தம் அவளுக்கே யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு. "குடுத்தோம் சார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, மாசக் கணக்குல குடுத்தோம். இங்க கூட்டிட்டு வந்த அன்னைக்குக் காலையிலகூட நான்தான் மடிச்சுக் குடுத்தேன். இந்த ஆள் பொய் சொல்றான். அன்னைக்கும் பொய், இன்னைக்கும் பொய். நானும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன், நானும்தான்."

"ஏய் அருணா..."

"பேசாதய்யா! இன்னும் ஒரு வார்த்தை பேசினே, நடக்கிறது வேற."

கட்டின நாள்லேருந்து ‘ஏங்க’ன்னு கூப்பிட்ட வாய், ‘ய்யா’ன்னு வந்ததுல அந்த ஆள் கல்லாட்டம் ஆயிட்டார். டாக்டர் கையில இருந்த பேனாவை மேஜை மேல வெச்சார். அப்புறம், "நான் போலீஸ் இல்லைங்க"ன்னார். "உங்க லைசென்ஸ் எனக்கு எதுக்கு? சொல்லியிருந்தா அந்த ரிசல்ட்டைக் குப்பையில போட்டிருப்பேன். சந்தேகத்தோட கனமான வைத்தியத்துலயே ஆரம்பிச்சு, வேற வழியில வகையைக் கண்டுபிடிச்சிருப்பேன். முதல் மாசம் கெட்ட செல்லு இல்லைன்னதும் உங்களுக்குக் கை குடுத்தேனே, அந்தச் சந்தோஷத்தையும் நம்பியிருக்க மாட்டேன்."

"அந்தத் தனி மாத்திரையை அப்பவே குடுத்திருந்தா பிழைச்சிருப்பாளா?"ன்னு கேட்டாள் அருணா.

"வாய்ப்பு நல்லாவே இருந்திருக்கும்மா."

"இப்ப?"

"இப்பவும் அந்த மாத்திரை குடுப்போம், மஜ்ஜை மாத்துறதுக்கும் முயற்சி பண்ணுவோம். ஆனா திரும்பி வந்த நோய் முன்ன மாதிரி மருந்துக்குப் பயப்படாது. பாதிக்குப் பாதின்னு கூட என்னால சொல்ல முடியாது."

திருமலை வாய்க்குள்ளயே முனகினார். "ஒரு சின்ன மாத்திரைதானே சார்..." இத்தனைக்கப்புறமும் அந்த மனுஷனுக்கு அதுதான் வாயில வந்தது. அருணாவுக்கு அவரைப் பார்த்துப் பாவம்னு தோணலை. ஓங்கி அறையணும்னுதான் தோணுச்சு. யாரை முதல்ல அறையறதுன்னுதான் தெரியலை.

அவள் எழுந்து வெளியே வந்தாள். பிரியா தலையில ஸ்கார்ஃபைக் கட்டிக்கிட்டு, போனைக் கூடப் பார்க்காம, கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாள். அருணா பக்கத்துல போய் உட்கார்ந்தாள். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? கிருமி இல்லை, கேன்சர்ங்கிறதுலேருந்து ஆரம்பிச்சு, டாக்டர் என்ன கேட்டார், அப்பா என்ன சொன்னார், எதுக்காக அப்படிச் சொன்னார், தான் எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தாள், எல்லாத்தையும் சொன்னாள். அழுதுக்கிட்டே சொன்னாள். சேலைத் தலைப்பெல்லாம் நனைஞ்சு போச்சு. பொண்ணு கத்துவாள், திட்டுவாள், கையை உதறுவாள்னு எதிர்பார்த்தாள். திட்டினாத் தேவலைன்னு கூட இருந்தது.

பிரியா திட்டலை. ரொம்ப நிதானமாக் கேட்டாள். "டாக்டர் அன்னைக்கு மாத்திரையைப் பத்தியா கேட்டாரு?"

"ஆமாண்டி."

"அந்தச் சின்ன மாத்திரையா? அது என் பையில ஒரு அட்டையே இருந்ததேம்மா. ஷிப்டுல முடியலைன்னா போட்டுக்கோன்னு அப்பா குடுத்தது. பாதி போட்டுட்டேன், மீதி பாதி இருந்தது. இதே நாற்காலியில, இந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்." மடியில இருந்த பையைக் காட்டினாள். "என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னைக் கேட்டிருந்தா எடுத்துக் காட்டியிருப்பேனே. எனக்கு எந்த லைசென்ஸ், எந்த மாமா? எனக்கு எதுக்கும்மா மறைக்கணும்?"

அருணா அவள் கையைப் பிடிக்கப் போனாள். பிரியா கையை இழுத்துக்கலை, ஆனா பிடிச்சுக்கவும் இல்லை. நாற்காலியோட கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்தாள். ஒரு நிமிஷம் தலை சுத்தினதைச் சமாளிச்சுக்கிட்டு நின்னாள். அருணா தாங்கப் போனப்ப, வேண்டாம்னு தலையை மட்டும் ஆட்டினாள். நேரா போய் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க"ன்னு உள்ளே அவள் குரல் கேட்டது.

திருமலை வெளியே வந்தார். எங்க உட்காருறதுன்னு தெரியாம நின்னு, அப்புறம் பொண்டாட்டிக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கதவைப் பிரியாவே சாத்தினாள். உள்ளே அவள் என்ன கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார், ஒரு வார்த்தை கூட வெளியே கேட்கலை.